பதின்மூன்று வயதில் ஒரு கற்பனைத் தோழி

1942 செப்டம்பரில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்கட்டில் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த 13 வயது யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், தன் நாட்குறிப்பில் ஒரு தோழியர் கூட்டத்துக்கே கடிதம் எழுத ஆரம்பித்தாள். கிட்டி, கோனி, எமி, பீன் என்று ஆளுக்கொரு கடிதம். யாரும் பதில் எழுதப்போவதில்லை. அவர்கள் ஒரு கதைப்புத்தகத்திலிருந்து வந்தவர்கள்.

அந்தக் கதையை எழுதியவர் சிஸ்ஸி வான் மார்க்ஸ்ஃபெல்ட். 1919இல் தொடங்கிய அவருடைய நாவல் வரிசை, யோப் தெர் ஹூல் என்ற துடுக்கான பள்ளி மாணவியையும் அவளுடைய தோழிகளையும் பற்றியது. படிப்பில் கோட்டை விடுகிறாள் என்று அப்பா கடிதம் எழுதத் தடை போட, யோப் ரகசியமாக நாட்குறிப்பு எழுதுகிறாள். ஆனுக்கு இந்தப் புத்தகங்கள் என்றால் உயிர். கிட்டி என்ற பெயரில் அவளுக்கு நிஜத் தோழி ஒருத்தியும் இருந்தது உண்மைதான். ஆனால் கூடவே வரும் மற்றப் பெயர்கள் யோப்பின் உலகத்தையே காட்டுகின்றன. 1944 மே மாதம், போருக்குப் பின் வெளியிடும் எண்ணத்தோடு நாட்குறிப்பைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது, மற்றவர்களை விலக்கிவிட்டுக் கிட்டியை மட்டும் வைத்துக்கொண்டாள். பதினைந்தை எட்டப்போகும் ஓர் எழுத்தாளர் தெரிந்தே எடுத்த முடிவு அது.

கற்பனைத் தோழமை நான்கைந்து வயதோடு முடிந்துவிட வேண்டும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. சிறு வயதில் அது சகஜம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறத்தாழ 65 சதவீதக் குழந்தைகளுக்கு அப்படியொரு துணை இருந்திருந்தது. பதின்பருவத்தில் அது தொடர்ந்தால்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் ஜெர்மன் உளவியலாளர் இங்கெ ஸைஃப்கே-கிரெங்கே, நாட்குறிப்பில் கற்பனைத் துணையோடு பேசும் பதின்பருவத்தினரை ஆராய்ந்து 1997இல் எழுதியபோது, அவர்கள் நட்புக்கு வழியில்லாமல் அதை நாடவில்லை என்று கண்டார். ஆனுக்கும் பள்ளியில் தோழிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இளையோர் நாவல்களில் பலவும் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நிஜ நட்பு கிடைத்ததும் கற்பனை நண்பர் கையசைத்துவிட்டு மறைந்துபோவார். கதாநாயகனோ நாயகியோ வளர்ந்துவிட்டதாக நாம் நம்ப வேண்டும். 1908இல் வந்த எல். எம். மான்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலிலேயே இந்த வாய்ப்பாடு இருக்கிறது. புத்தக அலமாரிக் கண்ணாடியில் தெரியும் கற்பனைத் தோழி கேட்டி மாரிஸ் முதலில், நிஜமான தோழி டயானா பிறகு. மான்ட்கோமரியின் கையில் அது அழகாக அமைந்தது. பின்னால் வந்தவர்களின் கையில், பதின்பருவத்து மனம் எப்படி இயங்குகிறது என்பதையே மறைத்துவிடும் சோம்பலாகிவிட்டது.

பேட்ரிக் நெஸ் அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்கவில்லை. புற்றுநோயால் இறந்த எழுத்தாளர் ஷிவான் டௌட் விட்டுச்சென்ற கருவிலிருந்து அவர் எழுதி 2011இல் வெளியான 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கப்போகும் 13 வயது கோனரைத் தேடி நள்ளிரவு கடந்து ஏழாவது நிமிடத்தில் ஒரு யூ மரம் நடந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவதை அவன் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக. இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்று தான் ஏங்கியதைக் கோனர் வாய்விட்டுச் சொல்லும் இடத்தை விடப் பெரிய சாகசம் எந்தப் புதையல் தீவுக் கதையிலும் இல்லை. எந்த மனிதரிடமும் அவனால் அதைச் சொல்ல முடிந்திருக்காது.

கேத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெரபிதியா'வில் இரண்டு சிறார்கள் ஓடைக்கு அப்பால் ஒரு ராஜ்ஜியத்தைக் கற்பிக்கிறார்கள். ஓடை ஒருத்தியைக் கொண்டுபோகிறது. ராஜ்ஜியம் அதோடு அழிவதில்லை. மிஞ்சிய சிறுவன் பாலம் கட்டித் தங்கையை அழைத்துப் போகிறான். சாவு வருகிறது, வசைச்சொல் வருகிறது, மாயம் வருகிறது என்று காரணம் காட்டி இந்த நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்கப் பெற்றோர் பலர் மனுக் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் துயரத்திலிருந்து காக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் துயரம் பேட்டர்சனின் வீட்டுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அவருடைய மகன் டேவிட்டின் எட்டு வயதுத் தோழி 1974இல் மின்னல் தாக்கி இறந்தாள். அந்த இழப்பைப் புரிந்துகொள்ள முயன்றுதான் தாய் இந்தக் கதையை எழுதினார். டேவிட் பேட்டர்சன் வளர்ந்து, 2007இல் அது திரைப்படமானபோது திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரானார்.