வெறும் ரோட்டுத்தானே எண்டு சொல்லாதேங்கோ

என்ர நண்பன் ஒருத்தன் இரண்டு மாதமாக இத்தாலியப் படையாட்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு உருவமும் 2 சென்ரிமீற்றர் உயரம். 1937இல் ஸ்பெயினுக்குப் போன இத்தாலியரின் சீருடை பச்சையா, சாம்பல் கலந்த பச்சையா என்று இரவிரவாகத் தேடினான். கடைசியில் ஒருநாள் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிட்டுக் கூப்பிட்டான். உருவங்கள் அந்தமாதிரி. ஆனால் நடுவில் ஒரு ரோட்டு ஓடுது: கன்னங்கரேலென்ற தார், நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு கரையிலும் அளவாக வெட்டின புல்.

“மச்சான், இதில அடுத்ததா ஹைவே பஸ்ஸே வரப்போகுது?”

“வெறும் ரோட்டுத்தானேடா. அதை ஆர் பாக்கப்போறான்?”

அண்டைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்ப எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒருக்கா: மேசையில் சின்ன நிலப்பரப்பைக் கட்டி, உருவங்களை அணியணியாக நகர்த்தி, தாயக்கட்டையும் அளவுகோலும் வைத்து ஒரு பழைய சண்டையைத் திரும்ப ஆடிப் பார்ப்பது. கனபேர் இரண்டாம் உலகப் போரைத்தான் ஆடுவார்கள். எங்களுக்குப் பிடித்தது இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கிடக்கிற இருபது வருஷம். குதிரையும் டாங்கியும் ஒரே ரோட்டில் போன காலம் அது. அதனால்தான் அந்த ரோட்டு முக்கியம் என்கிறேன்.

அப்போதைய ஐரோப்பாவில் நாட்டுப்புற ரோட்டுகள் பெரும்பாலும் கறுப்பு இல்லை. உடைத்த கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி, உருளையால் அமத்திச் செய்த மக்கடாம் ரோட்டுகள்தான் கூட. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சில்லு கல்லை அரைக்கும். அந்தத் தூள் கல்லிடுக்கில் இறங்கி ரோட்டை இறுக்கும். பிறகு கார் வந்தது. வேகமாகப் போகிற ரப்பர் டயர் அந்தத் தூளை உறிஞ்சி வெளியே வீசியது. ரோட்டும் கழன்றது, ஊரெல்லாம் புழுதியும் பறந்தது. தூளைப் பிடித்து வைக்கத்தான் மேலே தார் பூசத் தொடங்கினார்கள். ஆனால் அந்தத் தார் எல்லா ரோட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரவில்லை. 1924இல் இத்தாலியில் மிலானிலிருந்து ஏரிப் பக்கம் போகும் மோட்டார் வீதி திறந்தாயிற்று. 1932இல் ஜெர்மனியில் கொலோன்–பொன் வீதி திறந்தாயிற்று. அதே காலத்தில் கிழக்குப் போலந்தில் மணலும் சேறும்தான் ரோட்டு. 1920இல் போலந்தும் சோவியத்தும் சண்டை பிடித்த இடத்தை மேசையில் கட்டுகிறவர் தார்ப் போத்தலைத் திறக்கவே தேவையில்லை.

ஆக, முதல் கேள்வி “ரோட்டுக்கு என்ன நிறம்” என்பது இல்லை. எந்த நாடு, எந்த வருஷம், பெரிய ரோட்டா கிளை ரோட்டா என்பதுதான். ஜெர்மனியின் பழைய பெருவீதிகளில் கல் பதித்த பகுதிக்குப் பக்கத்தில் குதிரைக்கும் வண்டிக்குமென்று ஒரு மண் பாதையும் சேர்ந்தே ஓடும். அதை ‘கோடை வழி’ என்பார்கள். அந்த ஒரு மண் கோட்டை வைத்தாலே மேசை ஜெர்மனியாகிவிடும். பிரான்ஸ் என்றால் இரண்டு கரையும் வரிசை மரம்.

எங்களுக்குத் தேவை ஸ்பெயின். அங்கே 1926இல் முக்கிய வீதிகளைத் திருத்துகிற பெரிய தேசியத் திட்டமொன்று தொடங்கியது. கணக்குப் போட்டது சுமார் 7,000 கிலோமீற்றருக்கு. அதனால் 1937இல் பெரிய ரோட்டு ஒன்று நல்ல கெட்டியாக இருக்கும், அதிலிருந்து ஊருக்குள் பிரியும் பாதை மண்ணாக இருக்கும். இந்த வித்தியாசம் ஒரு சண்டையின் முடிவையே மாற்றியது.

குவாடலகாரா. 1937 மார்ச் 8ஆம் திகதி, மட்ரிட்டைப் பிடிக்க வடகிழக்கிலிருந்து இத்தாலியப் படை லொறி லொறியாக இறங்குகிறது. மழை, பனி கலந்த மழை, மூடுபனி. வயலெல்லாம் சேறு. லொறியும் சின்ன டாங்கிகளும் ரோட்டை விட்டு இறங்க வழியில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ரோட்டிலேயே நெரிபட்டு நிற்கின்றன. பிராங்கோ பக்கத்து விமானங்கள் சேறான மண் ஓடுதளங்களில் முடங்கிக் கிடக்க, குடியரசின் விமானங்கள் நல்ல தளங்களிலிருந்து எழும்பி வந்து அந்த வரிசையை அடித்தன. 18ஆம் திகதி எதிர்த்தாக்குதலில் பிரிவேகா ஊர் குடியரசுப் படையிடம் திரும்பிப் போனது.

இந்தச் சண்டையை அழகான புல்வெளியில் ஆடிப் பாருங்கள். லொறிகள் சுகமாகப் பக்கத்தால் சுற்றிப் போய்விடும். இத்தாலி வென்றாலும் வெல்லும். ஏன் தோற்றார்கள் என்பது உங்களுக்குக் கடைசிவரை விளங்காது. விதிப் புத்தகத்தில் எழுத வேண்டியது ரோட்டிலேயே எழுதிக் கிடக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? நாங்கள் செய்தது இது. உருவங்கள் 1/72 அளவு. 5 மீற்றர் ரோட்டு அந்த அளவில் கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர் வரும். அக்கால லொறியின் அகலம் 3 சென்ரிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு லொறி உரசாமல் விலகும். அதற்கு மேல் அகலம் வேண்டாம். மேசையில் தூரமெல்லாம் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது. அகலமான ரோட்டுப் போட்டால் ஊர் முழுக்க ரோட்டாகத்தான் தெரியும்.

பழைய ரெக்சின் துண்டை 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, பின்பக்கத்து நடுவில் ஒடுக்கமான மட்டை ஒன்றை ஒட்டுங்கள். மழைத்தண்ணி வழிய உண்மை ரோட்டுக்கு நடு உயரம். இதற்கும் அந்த முதுகு வேண்டும். மேலே ஹாட்வெயார் கடையில் விற்கிற சீலன்டைப் பூசி, அரித்த மணலைத் தூவுங்கள். கிளை ரோட்டென்றால், ஈரம் காயமுதல் இரண்டு குச்சியை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் பிடித்து இழுங்கள், வண்டித்தடம் விழும். நிறத்துக்கு மண்ணிறம் அடித்து, காய்ந்த பிரஷால் மேலே வெளிர்நிறம் தட்டுங்கள். புழுதி ரோட்டு எப்பவும் பக்கத்து நிலத்தைவிட வெளிறித்தான் தெரியும். குவாடலகாராவுக்கு மட்டும் மாறிச் செய்யுங்கள்: எல்லாம் இருட்டு நிறம், தடத்துக்குள் வார்னிஷ் ஒரு சொட்டு, அதுதான் தண்ணி. இரண்டு கரையிலும் வாய்க்கால் வேண்டும். கரைப் புல்லுக்கு, குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்து ஒட்டினால் போதும்.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகுதான் எனக்கு ஒரு கரைச்சல் வந்தது.

குவாடலகாராவுக்கு ஒரு மாதம் முன்னம், பெப்ரவரி 8ஆம் திகதி மலாகா நகரம் விழுந்தது. அதைப் பிடிக்கப் போனதிலும் இதே இத்தாலியப் படை இருந்தது. நண்பன் பெயின்ட் அடித்த அதே ஆட்கள். நகரத்தை விட்டுப் பத்தாயிரக்கணக்கான சனம் கரையோர வீதியால் அல்மேரியாவுக்கு நடந்தது. சுமார் 200 கிலோமீற்றர். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல். கடலிலிருந்து கப்பல்கள் குண்டடித்தன. மேலிருந்து விமானங்கள் அடித்தன. இரத்தம் ஏற்ற வந்த கனேடிய வைத்தியர் நோர்மன் பெத்தூன், அந்த ரோட்டில் தன்ர வண்டியில் சனத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

எங்கட மேசை ரோட்டில் லொறி இருக்கு, டாங்கி இருக்கு. சனம் இல்லை. அந்த இருபது வருஷத்து ஐரோப்பிய ரோட்டுகளில் படையை விட அதிகமாகப் போனது சனமும் மாட்டுவண்டியும்தான். எங்கட வீடுகளில் ரோட்டால் நடந்து வந்த கதை இல்லாத வீடு எத்தனை? நாங்களே அதை மறந்துபோய் ரோட்டை வெறுமையாக வைத்தால் எப்படி?

“அதுக்கு, அகதிகளையும் வைச்சு விளையாடச் சொல்லுறியோ?” என்று நண்பன் கோபப்பட்டான். இல்லை. அந்தச் சாவுகளுக்குத் தாயம் உருட்டக் கூடாது. அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் ரோட்டு அவர்கள் போன ரோட்டாகத் தெரிய வேண்டும். இதுவும் விளையாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். சீருடைப் பச்சைக்கு இரண்டு மாதம் செலவழிக்கிற விளையாட்டு இதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்கலாம்.

போன கிழமை அவன் புது ரோட்டுத் துண்டொன்றைக் கொண்டுவந்தான். வெள்ளைக் கோடு இல்லை. வெளிறின புழுதி. வாய்க்காலுக்குள் ஒரு சில்லுக் கழன்ற வண்டி, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, மூடி திறந்தபடி. ஆட்டத்தில் அதற்கு ஒரு விதியும் இல்லை. என்றாலும் அன்றைக்கு லொறிகளை அந்த இடத்தால் நகர்த்தும்போது இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்த்தினோம்.