மோகனாம்பாளின் பாதங்கள்

அக்காவின் கல்யாண வீடியோவைப் பார்த்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய வி.எச்.எஸ். கேசட். மணிவிழாவன்று மண்டபத்தில் போடலாம் என்று பிள்ளைகள் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி, எடிட் செய்து வாங்கியிருக்கிறார்கள். வந்த ஃபைலில் நாலு பக்கமும் கருப்பு; நடுவில் தபால்தலை அளவுக்கு மணவறை. தாலி கட்டும் நேரத்தில் அப்பா எங்கே நிற்கிறார் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

ஸ்டுடியோவில் கேட்டால், “எக்ஸ்போர்ட் பண்ணா அப்படித்தான் சார் வரும்” என்கிறார்கள். அப்படி வராது.

கேசட்டில் இருப்பது 4:3 படம். அதை எடிட்டிங் மென்பொருளின் 1920 x 1080 டைம்லைனில் வைத்தால் உயரம் நிறையும். அகலத்தில் 1440 புள்ளிதான் நிறையும். பக்கத்துக்கு 240 புள்ளி கருப்பு விழும். அதுவரை சரி. பிறகு எக்ஸ்போர்ட் அளவை யாரோ 1440 x 1080 என்று மாற்றியிருக்கிறார்கள். பக்கவாட்டுக் கருப்பும் படம்தான் என்று நினைத்து மென்பொருள் மொத்தத்தையும் சுருக்கி உள்ளே திணிக்கிறது. மேலும் கீழும் புதிதாகக் கருப்பு சேர்கிறது. மிஞ்சியது 1080 x 810. அந்த 1440 x 1080 சட்டகத்தின் பரப்பில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

டைம்லைனில் பார்க்கும்போதே கருப்பு இருந்தால் கிளிப்பின் ஸ்கேலைப் பார்க்க வேண்டும். அங்கே இல்லாமல் ஃபைலில் மட்டும் வந்தால் டைம்லைன் அளவும் எக்ஸ்போர்ட் அளவும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சினிமா கேமராவின் 4096 x 2160 படத்தை டிவியின் 3840 x 2160-க்குள் வைத்தால் மேலும் கீழும் மெல்லிய பட்டை வருவதும் இந்தக் கணக்கால்தான். இரண்டு அளவையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் தீர்ந்தது.

ஆனால் ஸ்டுடியோக்காரர் சொன்ன பரிகாரம்தான் என்னை எழுத வைத்தது. “கருப்பே இல்லாம ஃபுல் ஸ்கிரீனா பண்ணித் தந்துடறோம் சார்.” அதாவது படத்தை அகலவாக்கில் இழுப்பார்கள், இல்லை மேலும் கீழும் வெட்டுவார்கள், இல்லை அதே படத்தையே மங்கலாக்கி இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள். கல்யாண வீடியோவோடு இது நிற்பதில்லை. நம் பழைய படங்களுக்கும் சில சேனல்களிலும் இணையத்திலும் இதே கதிதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் ‘தில்லானா மோகனாம்பாள்’ மேல் எனக்குள்ள பிரியம் தெரியும். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடரை 1968-இல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். அகலத்திரைக்கு முந்தைய சட்டகம் அது. அகலம் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நாட்டியத்துக்கு அதைவிடப் பொருத்தமான சட்டகம் எனக்குத் தெரிந்து இல்லை. நிற்கும் மனுஷியை உச்சந்தலை முதல் சலங்கை வரை காட்ட உயரம்தானே வேண்டும்? சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கும் மோகனாவின் ஆட்டத்துக்கும் போட்டி நடக்கிறதே, அதைப் பாருங்கள். மோகனாவாக ஆடும் பத்மினியின் கண் ஒன்று சொல்கிறது, கை அதை வாங்கிக்கொள்கிறது, பாதம் தாளத்தில் பதில் சொல்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் அது பரதம்.

இதை இன்றைய டிவியின் 16:9-க்கு நிரப்பினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். முழு உருவமாக நிற்பவளுக்குத் தலைச்சாமான் மிஞ்சும், இல்லாவிட்டால் பாதம் மிஞ்சும். எதை வைத்துக்கொள்வது என்று எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துகிறவர் தீர்மானிக்கிறார். எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

நாகராஜனுக்கு அகலம் வேண்டியபோது அவரே அகலத்துக்குப் போனார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) அவர் எடுத்ததுதான். ஹாலிவுட்டில் ‘தி ரோப்’ வந்து இருபது வருஷம் கழித்து. அரசவையையும் கோயிலையும் வைக்க அந்த 2.35 பங்கு அகலம் அவருக்குத் தேவைப்பட்டது. அதையும் 16:9-க்கு நிரப்பினால் பக்கங்களில் கால் பங்கு காணாமல் போகும். பழைய 4:3 டிவிக்கு நிரப்பினால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஒரே இயக்குநர், இரண்டு சட்டகம், இரண்டையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். ஒன்றின் இரு பக்கமும் மற்றதன் மேலும் கீழும் விழும் கருப்பு, அவர் தன் காட்சியை எங்கே முடித்தார் என்பதைக் காட்டுகிறது. அக்காவின் வீடியோவில் வந்த கருப்பு எவரும் நினைத்து வைத்ததல்ல. இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணி வைத்தியம் பார்ப்பதுதான் என் சண்டை.

வீட்டில் சரிபார்க்க சுலபமான வழி இருக்கிறது. பழைய படத்தில் தவிலின் வட்டத்தையோ நெற்றிப் பொட்டையோ நேர் எதிரே காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அகலவாக்கில் முட்டையாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள். முதலில் ரிமோட்டில் பிக்சர் சைஸைப் பாருங்கள். பல வீடுகளில் டிவியே இந்த வேலையைச் செய்கிறது. அதை 4:3-க்கோ ஒரிஜினலுக்கோ மாற்றிய பிறகும் வட்டம் வட்டமாகாவிட்டால், அந்தப் பிரதியை விட்டுவிட்டு இரு பக்கமும் கருப்போடு வரும் பிரதியாகத் தேடிப் பாருங்கள்.