மணமேடையை மறைப்பவர்கள்

திருமணம் உறுதியானதும் நம் இல்லங்களில் நாள் பார்க்கிறார்கள்; மண்டபம் பார்க்கிறார்கள்; சமையற்காரரைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்கிறார்கள். நிழற்படக்காரரை மட்டும் “எத்தனை வெள்ளி? எத்தனை பக்க ஆல்பம்?” என்னும் இரண்டே வினாக்களில் தேர்ந்துவிடுகிறார்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால் அக்குறை அன்று மாலையோடு மறந்துபோகும். படத்தில் நேர்ந்த குறையோ பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

சில ஆண்டுகளுக்குமுன் என் பழைய மாணவி ஒருத்தியின் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். கெட்டிமேளம் முழங்கிற்று. அட்சதையைக் கையில் ஏந்தி எழுந்து நின்றோம். நான் கண்டது மூன்று கறுப்புச் சட்டை முதுகுகளைத்தான். முன்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டியாரும் பேத்தியின் கழுத்தில் தாலி ஏறியதைக் காணவில்லை. அதற்குப் பின் நடந்ததுதான் கொடுமை. “சரியாக விழவில்லை, இன்னொரு முறை பிடியுங்கள்” என்று மணமகனுக்குக் கட்டளை பிறந்தது. அவரும் கட்டி முடித்த தாலியில் மீண்டும் கைவைத்து, கருவியை நோக்கிச் சிரித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். ஊரைக் கூட்டி நாம் நடத்துவது திருமணமா, திரைப்படத்திற்கான ஒத்திகையா?

“படம் வேண்டுமென்றால் அவர் முன்னால் நிற்கத்தானே வேண்டும்?” என்பார் உளர். வேண்டியதில்லை. தொழிலறிந்தவர் சடங்கின் வரிசையையும் அறிந்திருப்பார். அடுத்து எது நிகழும் என்று உணர்ந்து, மேடையின் ஓரத்தில் முன்கூட்டியே இடம்பிடித்து, தொலைவிலிருப்பதை அண்மையில் காட்டும் வில்லையைப் பொருத்திக் காத்திருப்பார். வரிசை அறியாதவரே கணத்தைத் தவறவிட்டு மறுபடியும் செய்யச் சொல்வார். ஆகவே நம் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, “தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள்?” என்று கேளுங்கள். விடை தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். டிரோன் உண்டு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது நிறம். அந்த ஆல்பம் வந்தது. மாநிறத்தவளான என் மாணவி அதில் அரிசிமாவில் பிடித்த பொம்மைபோல் வெளுத்திருந்தாள். அருகில் நின்ற தாயாரோ தம் இயல்பான நிறத்திலேயே இருந்தார். கணினியில் மெருகேற்றினார்களாம்! “இது நான் இல்லை ஐயா” என்றாள் அவள். கறுப்பும் அழகே என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் நாம், காசு கொடுத்து நம் பெண்களின் முகத்தை அழிக்கச் சொல்கிறோமே, இது எந்த வகையில் நியாயம்? அட்டையில் பொன்னெழுத்தில் “திருமனம்” என்று அச்சாகியிருந்ததைத் தமிழாசிரியனாகிய நான் தனியே வேறு எண்ணி நொந்துகொண்டேன்.

கடையில் மாட்டியிருக்கும் பத்துப் படங்களைக் கண்டு மயங்காதீர்கள். பத்துப் படங்கள் யாருக்கும் நன்றாக அமையும். ஒரே திருமணத்தின் படங்களைத் தொடக்கமுதல் பந்திவரை முழுமையாகக் காட்டச் சொல்லுங்கள். ஓமத்தீ தெரிகிறதா, அல்லது மின்னொளி வீச்சில் கரைந்துவிட்டதா? மங்கலான மண்டபத்தில் கறுத்த முகங்களின் கண்ணும் சுருக்கமும் விளங்குகின்றனவா? அங்கேதான் ஒருவரின் தரம் தெரியும்.

ஒப்பந்தத்தையும் படியுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பிறரிடம் ஒப்படைத்துச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, செய்வித்தவரையே சேரும். படிக்காமல் கையொப்பமிடும் தாளில்தான் அந்த ‘வேறு உடன்பாடு’ ஒளிந்திருக்கும். பிறகு நம் வீட்டுப் பெண் அவர் கடை விளம்பரத்தில் நிற்பாள். படங்களின் மூலக்கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒரு வட்டு பழுதானால் திருமணமே போயிற்று. தோட்டத்து லயன் வீட்டுச் சுவரில் தொங்கிய கறுப்பு வெள்ளைப் படத்திற்கு அந்த அச்சம் இல்லை. கரையான் ஒன்றே பகை.

இன்னொன்று. படமெடுக்க வேண்டிய முதியோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதி முன்னரே அவர் கையில் கொடுங்கள். என் மாணவியின் வீட்டார் கொடுக்கவில்லை. திருமணம் முடிந்து இரண்டு மாதத்தில் பாட்டியார் காலமானார். மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டுமென்று அத்தனை படங்களையும் புரட்டினார்கள். ஒன்றே ஒன்றில் அவர் இருந்தார். அதிலும் பாதி முகம், ஒரு கறுப்புச் சட்டைத் தோளுக்குப் பின்னால்.