பூங்கா ரேடியோ

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் பேட்டைப் பூங்காவில் வழக்கமான பெஞ்சில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்றுதான் சொல்ல முடியும், பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவர் காதிலும் ஒரு ஒயர். ஒருவர் உபன்யாசம் கேட்கிறார், ஒருவர் பழைய பாட்டு, ஒருவர் செய்தி. மூன்று வருஷமாக இப்படித்தான். வரும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு தலையசைப்பு.

அன்றைக்கு ஒருவருடைய கைபேசியிலிருந்து ஒயர் கழன்றுவிட்டது. நாகஸ்வரத்தில் தோடி, பளீரென்று வெளியே வந்தது. அவர் பதறிப்போய் நிறுத்தப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும் சார், நிறுத்தாதீங்க" என்றார். "ராஜரத்தினம் பிள்ளையா?" என்று ஒருவர். "இல்லை, காருகுறிச்சி" என்று இன்னொருவர். வாதம் வளர்ந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்றார்கள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் மனிதரின் சொந்த ஊர் கும்பகோணம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது நினைத்துக்கொண்டேன். இது ஒன்றும் புதிது இல்லையே! இந்த ஊரில் வானொலியே இப்படித்தானே வளர்ந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம் வயதுக்காரர்கள் பலருக்கும் மறந்துபோன கதை அது.

சென்னை வானொலி என்றால் 1938-ல் தொடங்கியது என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். ஆனால் அதற்கு 14 வருஷம் முன்பே இந்த ஊரில் ரேடியோ ஒலித்திருக்கிறது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் 1924 மே 16-ஆம் தேதி 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பமானது. டிரான்ஸ்மிட்டரின் திறன் 40 வாட். நம் வீட்டு வராந்தாவில் அந்தக் காலத்தில் எரிந்த குண்டு பல்பு ஒன்றின் அளவு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சும் கொடுத்தார்கள். ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927-ல் கிளப்பை மூட வேண்டியதாயிற்று.

மூடும்போது அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வருஷம்தான் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு தனியார் கம்பெனி ஒலிபரப்பைத் தொடங்கியது. பம்பாயில் ஜூலையில், கல்கத்தாவில் ஆகஸ்டில். சென்னைக்கு அந்தக் கம்பெனி வரவில்லை. ரேடியோ பெட்டி வைத்திருக்கும் பணக்காரர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத் தொழில் செய்ய வந்த கம்பெனி அது. மூன்று வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, 1930 மார்ச் மாதம் கணக்கை முடித்துக்கொண்டது. மறு மாதமே, ஏப்ரல் 1-ஆம் தேதி, நம் மாநகராட்சி தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. குப்பை அள்ளுவது, தண்ணீர் விடுவது, தெருவிளக்கு போடுவது, இவற்றோடு பாட்டுப் போடுவதும் தன் வேலைதான் என்று ஒரு நகரசபை நினைத்திருக்கிறது, பாருங்கள்!

மாலையில் சங்கீதம். விடுமுறை நாள் காலையில் கிராமபோன் தட்டுகள். மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும். இதெல்லாம் யாருக்காக? வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்காக. அதனால்தான் மெரினாவிலும், பீப்பிள்ஸ் பார்க்கிலும், ராயபுரம் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1949-ல் தி.மு.க. தொடக்க விழாக் கூட்டம் மழையில் நடந்ததே, அதே ராபின்சன் பூங்காதான். வடசென்னை மக்கள் மேடைப் பேச்சுக் கேட்டுப் பழகிய அந்த இடத்தில், அதற்கு முன்பே காசில்லாமல் கச்சேரியும் கேட்டிருக்கிறார்கள். சபாவில் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடியாதவனுக்குக் கடற்கரை மணலே சபா ஆனது.

எட்டு வருஷம் மாநகராட்சி இதை நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டதும் தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. மறு வருஷம் மே மாதம் திருச்சி நிலையமும் வந்தது. அதன் பிறகு நடந்தது நம்மில் பலருக்கும் தெரிந்த கதை. 1952-ல் கேஸ்கர் மந்திரியானார், சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது, ஜனங்கள் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். போனவர்களைத் திரும்பக் கூப்பிட 1957 அக்டோபரில் விவிதபாரதி வந்தது. 1977 ஜூலையில் இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் இதே சென்னையில்தான்.

ஒலிபரப்பைக் கைவிட்டாலும் மாநகராட்சி பூங்கா ரேடியோவைக் கைவிடவில்லை. என் சிறுவயதில் எங்கள் பூங்காவின் நடுவே ஒரு சிறு அறை, உள்ளே ரேடியோ, வெளியே ஒலிபெருக்கி. சாயங்காலம் காவல்காரர் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு மெல்லக் குரல் தெளியும். அது வால்வு செட், சூடேற வேண்டும். நாங்கள் அதற்குள் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து நிற்போம்.

அப்பாவுக்கு குமாஸ்தா சம்பளம். ரேடியோ வாங்குவது ஒரு செலவு, வருஷா வருஷம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டுவது இன்னொரு செலவு. ஆகவே எங்கள் வீட்டு ரேடியோ பூங்காவில்தான் இருந்தது. வயலும் வாழ்வும், டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, பிறகு கச்சேரி. "இலங்கையைப் போடுங்க அண்ணே" என்று நாங்கள் கெஞ்சுவோம். அது கூடாது என்று அவருக்கு உத்தரவு. மழை பெய்து கூட்டம் கலைந்த நாளில் மட்டும், எங்களுக்காகப் பத்து நிமிஷம் திருப்புவார்.

எனக்குச் சங்கீதம் கேட்கப் பழக்கியது எந்தப் பாட்டு வாத்தியாரும் இல்லை. மாற்ற முடியாத அந்த ரேடியோதான். சினிமாப் பாட்டு வரும் என்று காத்திருந்து, வராமல், வேறு வழியில்லாமல் காம்போதியைக் கேட்டேன். இரண்டு வருஷம் கேட்ட பிறகு, ஒரு நாள் பெயர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சுண்டல் விற்கும் பெரியவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

எல்லாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. என் அம்மா அந்தப் பூங்கா ரேடியோவை ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. அடுக்களை வேலை முடியும் நேரத்தில் காவல்காரர் அறையைப் பூட்டிவிடுவார். 1968-ல் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அவள் பாட்டுக் கேட்டாள். அதை அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். டிரான்சிஸ்டர் பூங்கா ரேடியோவைக் கொன்றது என்று நான் அலுத்துக்கொண்டால் அவளுக்குச் செய்யும் துரோகம். அது அவளுக்கு விடுதலை.

ஆனால் அந்த விடுதலை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு ரேடியோ, வீட்டுக்கு ஒரு ரேடியோ ஆனது. பிறகு ஆளுக்கு ஒன்று. இப்போது காதுக்கு ஒன்று. கைபேசி நாம் கேட்டதைக் கொடுக்கிறது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. பூங்கா ரேடியோ நாம் கேட்காததைக் கொடுத்தது. அதையும் பத்துப் பேரோடு சேர்த்துக் கொடுத்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை போய்ச் சேர்ந்தாயிற்று, வீட்டில் பேச ஆள் இல்லை என்று பூங்காவுக்கு வரும் என் வயதுக்காரர்களுக்குப் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. சேர்ந்து கேட்க ஆள் இல்லை, அதுதான் குறை.

ஆகவே என் கோரிக்கை இது. மாநகராட்சி 1930-ல் செய்ததில் சிறு பங்கையாவது இப்போது செய்யட்டும். டிரான்ஸ்மிட்டர் வேண்டாம், பாடகர்களுக்குச் சம்பளம் வேண்டாம். ஆகாசவாணி இருக்கவே இருக்கிறது. பூங்காவுக்கு ஒரு ரேடியோ, இரண்டு சிறிய ஒலிபெருக்கி, மாலையில் ஒரு மணி நேரம். பூங்காச் சுவரைத் தாண்டிச் சத்தம் போகக் கூடாது. விளம்பரம் கூடாது. ஸ்டேஷனை மாற்ற யாருக்கும் அதிகாரம் கூடாது, வட்டச் செயலாளருக்கும் கூடாது, எனக்கும் கூடாது.

"சத்தம் ஏற்கெனவே போதாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில வருஷம் முன்பு ஒரு வியாபாரி தன் செலவில் எங்கள் பூங்காவில் ஒலிபெருக்கி கட்டினார். ஒரு பாட்டுக்கு மூன்று விளம்பரம். எடுக்கச் சொல்லி மனு எழுதியவன் நான்தான், வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டது தப்பு. 'இதை எடுங்கள்' என்று எழுதியவன் 'இதற்குப் பதில் நல்லதாக ஒன்று வையுங்கள்' என்று இன்னொரு வரி எழுதியிருக்க வேண்டும். விளம்பரச் சத்தத்துக்குப் பயந்து சங்கீதத்தையும் சேர்த்து விரட்டிவிட்டேன்.

"எல்லாரிடமும் போன் இருக்கிறதே" என்பார்கள். 1930-லும் வசதியானவர்களிடம் கிராமபோன் இருந்தது. அதைக் காட்டி மாநகராட்சி தட்டிக்கழிக்கவில்லை. பூங்காவைப் பெருக்கும் அம்மாவும், வாசலில் இளநீர் விற்பவரும், நானும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்க இன்றைக்கு இந்த ஊரில் ஓர் இடம் சொல்லுங்கள் பார்க்கலாம்.

1924-ல் தொடங்கியதற்கு 2024-ல் நூறு வருஷம் நிறைந்தது. எங்கள் பூங்காவில் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நான் உட்பட. போனது போகட்டும். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை 'எடுங்கள்' என்று இல்லை, 'வையுங்கள்' என்று. பெஞ்சு நண்பர்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அது காருகுறிச்சியா, ராஜரத்தினம் பிள்ளையா என்பதுதான் இன்னும் தீரவில்லை.