கியர்பாக்ஸைக் கொன்ற ரேடியேட்டர்

பத்து, பன்னிரண்டு வயதான எஸ்.யூ.வி. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக உதறத் தொடங்கினால், ஓட்டுபவருக்கு முதல் சந்தேகம் டயர் மேல்தான் வரும். வீல் பேலன்சிங் செய்து பார்ப்பார். நிற்காது. ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார், என்ஜின் மவுண்டைப் பார்க்கச் சொல்வார். அப்போதும் நிற்காது. 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் பாத்ஃபைண்டரை வைத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் பல இப்படித்தான் அலைந்தன. கடைசியில் விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக், என்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். பச்சையாகத் தெளிந்து நிற்க வேண்டிய கூலன்ட், ரோஸ் மில்க் நிறத்தில் கெட்டியாக நுரைத்துக் கிடக்கும். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. பழுதானது ரேடியேட்டர், செத்தது கியர்பாக்ஸ்.

டென்னஸி மாநிலத்தின் ஸ்மெர்னா தொழிற்சாலையில் தயாரான வண்டி அது. தனிச் சேஸிஸ் மேல் பாடி கட்டியது, மூன்று வரிசை இருக்கை, 4 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சுமார் 2,700 கிலோ எடையுள்ள படகையோ டிரெய்லரையோ இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது வாங்கினால் கல்லூரிக்குப் போகும்வரை தாங்கும் என்ற நம்பிக்கையில் வாங்குகிற வகை. இதே கோளாறு அதன் உடன்பிறப்புகளான எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் வண்டிகளிலும் தலைகாட்டியது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு வேலை அதிகம். உராய்வைக் குறைக்க வேண்டும். டார்க் கன்வர்ட்டருக்குள் சுழன்று என்ஜினின் விசையைக் கடத்த வேண்டும். அழுத்தம் கொடுத்து கிளட்சுகளைப் பிடிக்க வைக்க வேண்டும். இதில் எண்ணெய் கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க, ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறு கூலரைப் பொருத்தியிருப்பார்கள். கூலருக்கு உள்ளே கியர் எண்ணெய் ஓடும், வெளியே என்ஜின் கூலன்ட் சூழ்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகச் சுவர் மட்டும். பல நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றிவரும் ஏற்பாடுதான் இது. குளிர்ப் பிரதேசங்களில் காலை வேளையில் எண்ணெயைச் சீக்கிரம் பதத்துக்குக் கொண்டுவரவும் உதவும். ஆனால் இந்த வண்டிகளில் அந்தச் சுவர் விரிசல் விட்டது.

விரிசல் விட்டபின் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது பொதுவாக எண்ணெயின் அழுத்தம்தான் கூடுதல். அதனால் எண்ணெய் கூலன்ட்டுக்குள் கசியும். என்ஜினை அணைத்ததும் எண்ணெய் பம்பு நின்றுவிடும், அழுத்தம் விழுந்துவிடும். கூலன்ட்டோ மூடிய அமைப்புக்குள் சூடாக, அழுத்தம் குறையாமல் நிற்கும். கசிவு திசை மாறும். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டார் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகளின் முகப்பு காகிதத்தைப் போன்ற நார்ப்பொருள். அதை எஃகுத் தகட்டின் மேல் பிசினால் ஒட்டியிருப்பார்கள். தண்ணீரும் கிளைகாலும் கலந்த கூலன்ட்டை அந்த நார் உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டு தளரும், முகப்பு உப்பும், பிறகு உரிந்து எண்ணெயோடு சுற்றும். நடுத்தர வேகத்தில் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் பிடிக்கப் பார்த்து வழுக்கும், மறுபடி பிடிக்கும், மறுபடி வழுக்கும். ஓட்டுபவர் வீல் பேலன்சிங் என்று நினைத்த உதறல் இதுதான். போதாக்குறைக்கு, இந்த கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே எண்ணெயில் நனைந்தபடி இருக்கிறது. தண்ணீர் அதையும் விட்டுவைக்காது. உதறல் கைக்குத் தெரிகிற அளவுக்கு வந்தபின் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

ரேடியேட்டர் சில நூறு டாலர் சமாச்சாரம். கியர்பாக்ஸ் பல ஆயிரம் டாலர். பழைய வண்டியின் சந்தை விலையையே விழுங்கிவிடும் தொகை. நிஸானின் வழக்கமான பவர்ட்ரெயின் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர். புகார்கள் குவிந்ததும் ரேடியேட்டர் கசிவுக்கும் அதனால் வரும் சேதத்துக்கும் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைலுக்கு நீட்டினார்கள். பிறகு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த கூட்டு வழக்கின் சமரசத்தில் அது 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் ஆயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: 80,000 மைலைத் தாண்டியவர் முதல் 2,500 டாலரைத் தன் கையிலிருந்து போட வேண்டும், 90,000 மைலைத் தாண்டியிருந்தால் 3,000 டாலர். விரிசல் விட்டது நிறுவனம் பொருத்திக் கொடுத்த கூலர். வண்டியைப் பாசமாக வைத்து, காலம் தவறாமல் எண்ணெய் மாற்றிவந்தவருக்கும் அதே 3,000 டாலர்தான். சமரசம் என்ற பெயரில் நடந்த இந்தப் பங்கீட்டை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

கியர்பாக்ஸ் பழுது என்றதும் எல்லோர் பார்வையும் கியர்பாக்ஸுக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கேதான் பணமும் போகிறது. பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு, ரீபில்ட் செய்த கியர்பாக்ஸை மட்டும் ஏற்றி அனுப்பினால், இரண்டாவது கியர்பாக்ஸும் முதலாவது போன வழியிலேயே போகும். டிரான்ஸ்மிஷனில் வரும் பெரிய சேதங்கள் பலவற்றுக்கும் மூல காரணம் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு மலிவான பொருள். அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஹோண்டாவின் குடும்ப எஸ்.யூ.வி. பைலட் இன்னொரு சாட்சி. 2004 ஏப்ரலில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2003, 2004 மாடல் பைலட்டுகளும் ஒடிசி வேன்களும் அதில் அடக்கம். இரண்டாவது கியரில் சூடு ஏறி, பல் சில்லாகப் பெயர்ந்து, ஓடும்போதே கியர்பாக்ஸ் இறுகிப் பூட்டிக்கொள்ளும் ஆபத்து. நெடுஞ்சாலையில் பின்சீட்டில் பிள்ளைகளோடு போகும் வண்டிக்கு இதைவிட மோசமாக ஒன்று நேர முடியாது. அதற்கு என்ன வைத்தியம்? 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டிகளில் ஒரு சிறு எண்ணெய்த் தாரைக் குழாயைச் சேர்த்தார்கள். எண்ணெய் நேராக இரண்டாவது கியர் மேல் பீய்ச்சும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஓடியவற்றில் கியரை எட்டிப் பார்த்து, சூட்டால் நிறம் மாறியிருக்கிறதா என்று சோதித்தார்கள். மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள், இல்லாவிட்டால் அதே குழாய். எண்ணெய் போக வேண்டிய இடத்துக்கு முதலிலேயே போயிருந்தால் இந்தப் பாடு எதற்கு?

அடுத்து, 2011 முதல் 2019 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றைக் கவனிக்க வேண்டும். முன் சக்கரங்களுக்குப் போகும் விசையில் ஒரு பங்கைப் பின்னால் திருப்ப, கியர்பாக்ஸ் ஓரமாக ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் இருப்பது ஏறக்குறைய அரை லிட்டர் எண்ணெய். பெட்டி உட்கார்ந்திருக்கும் இடமோ புகைபோக்கிச் சூட்டின் அருகில். நாளாக ஆக எண்ணெய் கருகித் தார்க்குழம்பாகிவிடும். எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று நம்பி, வடித்து எடுக்கத் திருகுகூட வைக்காமல் விட்ட மாடல்களும் உண்டு. அரை லிட்டர் எண்ணெயை எளிதாக மாற்ற வழி வைக்காததால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சைப் பழைய வண்டி வைத்திருப்பவர் நம்பவே கூடாது. பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 உள்ளிட்ட வண்டிகளில் இருக்கும் ஆறு வேக கியர்பாக்ஸைச் செய்தது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம். வண்டி விற்பவர்கள் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்றார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்பதில் குழப்பமே வேண்டாம். யாருடைய ஆயுள் என்ற கேள்விக்கு, உத்தரவாதத்தின் ஆயுள் என்பதுதான் நேர்மையான பதில்.

நான்கு சக்கர இயக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரி, ஒற்றை டயர். ஒரு டயர் கிழிந்துபோனால் சிக்கனம் பார்த்து ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது இயல்பு. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் அது அதிகச் சுற்று சுற்றும். சக்கரங்களை இணைத்து வைத்திருக்கும் நடுக் கிளட்ச் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க, நேர்ச்சாலையிலும் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்கிறது சுபாரு. கால் அங்குலம் என்பது வெறும் 6 மில்லிமீட்டர் சொச்சம்.

சத்தங்களுக்கும் கணக்கு உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்னால் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்சில் ஓரத்து சி.வி. ஜாயின்ட். சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து பார்த்தால், கிழிந்த ரப்பர் உறையும், வெளியே சிதறிக் கருத்து அப்பிய கிரீஸும் தெரியும். உறை கிழிந்த வாரமே மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும். மண்ணும் தண்ணீரும் போனபின் பிழைக்காது. கியரைப் போட்டதும் அடியில் ‘டங்’ என்று ஒரு இடி கேட்டால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதியிலும், விட்டால் வேறு சுருதியிலும் பின்னாலிருந்து ஊளையிட்டால் டிஃபரன்ஷியல். காலையில் முதல் முறை ‘டி’ போட்டதும் வண்டி ஓரிரு விநாடி யோசித்துக் கிளம்பினால், கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் முதலில் உணர்பவர் ஓட்டுபவர். அவர் பேச்சைத்தான் கடைசியில் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் வண்டிகளின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று புகார் சொன்னவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று ஃபோர்டு சொல்லிவந்தது. நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உதறல் உண்மை என்று நிரூபிக்க வழக்கு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

பாத்ஃபைண்டரின் கதை 2010-உடன் முடிந்துவிடவும் இல்லை. 2013 மாடலாக அது முற்றிலும் புதிய வடிவில், கப்பிகளால் இயங்கும் சி.வி.டி. கியர்பாக்ஸோடு வந்தது. அதிலும் உதறல் வந்தது. 2013 முதல் 2016 வரையிலான மாடல்களுக்கு அந்த கியர்பாக்ஸின் உத்தரவாதத்தை 84 மாதம் அல்லது 84,000 மைலுக்கு நீட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் பழைய எஸ்.யூ.வி. தேடுகிறவர்கள் கண்ணில் 2005-2010 பாத்ஃபைண்டர் இன்றும் படும். விலை குறைவு, இடம் தாராளம், இழுவை பலம். வாங்கக் கூடாத வண்டி என்று ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ரேடியேட்டரை மாற்றிய பில். அது இல்லையென்றால், வண்டி நன்றாக ஓடினாலும், வாங்கிய வாரமே ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள். அல்லது கியர் எண்ணெய்க் குழாய்களை ரேடியேட்டரிலிருந்து பிரித்து, காற்றால் குளிரும் தனிக் கூலருக்குத் திருப்பச் சொல்லுங்கள். பனி கடுமையாக விழும் ஊரில் இருப்பவர்களுக்குப் புது ரேடியேட்டரே மேல். அதற்கும் முன்னால், விலை பேசும் அன்றே, என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட்டில் துளி இளஞ்சிவப்பு நுரை தெரிந்தாலும், எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும், அந்த வண்டியை வாங்காதீர்கள்.