டி.என்.ஏ.வில் ஒளிந்திருக்கும் குலப்பெருமை

ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி 2011 தீபாவளிக்கு வந்த '7ஆம் அறிவு' படத்தைத் தமிழ்ப் பெருமை என்று கொண்டாடியவர்கள் பலர். அதன் அறிவியலைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய பல்லவ இளவரசர் போதிதர்மரின் மருத்துவமும் சண்டைக்கலையும், அவர் வம்சத்தில் வந்த சர்க்கஸ் கலைஞனின் டி.என்.ஏ.வில் உறங்குகின்றனவாம். மரபணுப் பொறியியல் மாணவி அவற்றைத் தட்டி எழுப்புகிறாராம்.

மரபணு உடலைக் கட்டும் குறிப்புகளைக் கடத்தும். கற்ற பாடத்தைக் கடத்தாது. மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டாம். நீச்சல் வீரரின் பிள்ளைக்குக் கற்றுத்தந்தே ஆக வேண்டும். மேலும், 1,500 ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 60 தலைமுறை. ஒரு மூதாதையின் பங்கு தலைமுறைதோறும் சராசரியாகப் பாதியாகும். 10ஆவது தலைமுறையிலேயே அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். 60ஆவதில் எதை எழுப்புவது?

லாஜிக் ஓட்டை என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. திறமை ரத்தத்தில் இறங்கும் என்பதுதானே சாதியின் அடிப்படைப் பொய்? அதே படத்தின் வசனம் இட ஒதுக்கீட்டை ஊழலோடு சேர்த்துத் திறமைக்குத் தடையாக நிறுத்தியது. பிறப்பே தகுதி என்று நம்பும் கதைக்கு, வாய்ப்பு கிடைத்தால் எவரும் கற்பார் என்பது கசக்கத்தானே செய்யும்?

புனைவுக்குக் கற்பனை உரிமை உண்டு. குலப்பெருமைக்கு லேப் கோட் மாட்டி அறிவியல் என்று விற்கும்போது கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.