டே கேர் சம்மர் கிராஃப்ட்: குழந்தை செய்ததா, ஆயாம்மா செய்ததா?

மே மாதத்தில் பள்ளிகளுக்குத்தான் விடுமுறை; அப்பா, அம்மாவின் அலுவலகங்களுக்கு இல்லை. அதனால் டே கேர்களும் வழக்கம்போல இயங்குகின்றன. பதினோரு மணிக்கே வெயில் கொளுத்துவதால் குழந்தைகளை வெளியே விட முடியாது. மீதிப் பகலை ஓட்ட பல டே கேர்கள் கையில் எடுப்பது 'சம்மர் கிராஃப்ட்'.

மாலையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வரும். பேப்பர் கப்பில் செய்த சூரியகாந்தி. இதழ்கள் எல்லாம் ஒரே அளவு, நடுவில் ஜிகினா, அதற்கு மேல் உருளும் இரண்டு பிளாஸ்டிக் கண்கள். பக்கத்தில் எங்கேயோ பார்த்தபடி ஒரு இரண்டு வயதுக் குழந்தை. குரூப்பில் ஹார்ட்டுகள் குவியும்.

ஆனால், அந்தப் பூவில் குழந்தையின் கை பட்ட இடம் எது? இதழ்களை வெட்டியது மிஸ். ஒட்டியது ஆயாம்மா. குழந்தை செய்தது, போட்டோவுக்கு உட்கார்ந்தது மட்டும்தான்.

இதில் ஆயாம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மாலையில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன செஞ்சாங்க?" என்பதுதான். அதற்குக் காட்ட அழகாக ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அழகு கூடக் கூட ஒட்டும் பாகங்கள் சிறிதாகிக்கொண்டே போகும். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடும் வயதில், பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த வயதில் கை என்ன செய்யும்?

ஒரு வயதை ஒட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சின்னப் பொருளை எடுக்கக் குழந்தைக்கு வந்துவிடும். ஒன்றரை வயதுக்குள் கிரேயானைக் கை முழுவதாலும் பிடித்துக் கிறுக்கும். இரண்டு வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடப் பார்க்கும். வட்டம் போட மூன்று வயதாகும். கத்தரிக்கோலும் ஏறக்குறைய அப்போதுதான் கைக்குப் பழகும். ஒவ்வொரு குழந்தைக்கும் சில மாதங்கள் முன்னே பின்னே இருக்கலாம்.

அதாவது, இரண்டு வயதுக் குழந்தையால் சூரியகாந்தி செய்ய முடியாது. ஆனால் கிழிக்க, பிசைய, அழுத்த, தேய்க்க முடியும். பின்னாளில் பென்சில் பிடிக்கவும் சட்டைப் பட்டன் போடவும் விரல்களுக்கு வலு வருவது இந்த வேலைகளால்தான்.

மேஜைக்கு வரக் கூடாதவை

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறிய உருளை உண்டு. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். கிராஃப்ட்டுக்கு எல்லோரும் சேர்த்து வைக்கும் தண்ணீர் பாட்டில் மூடியும் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். மணி, பட்டன், புளியங்கொட்டை, தெர்மாகோல் உருண்டை, பிளாஸ்டிக் கண் எல்லாமே இந்தப் பட்டியலில்தான் வரும். ஊதாத பலூனும், வெடித்த பலூன் துண்டும்கூட மூச்சை அடைக்கும்.

இன்னும் மூன்று பொருள்களை டே கேர் வாசலுக்குள்ளேயே விடக் கூடாது.

'வாட்டர் பீட்ஸ்' எனப்படும், தண்ணீரில் ஊறி வீங்கும் வண்ண உருண்டைகள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் வீங்கிக் குடலை அடைத்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

சின்ன எல்.இ.டி. விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருக்கும். மென்று விழுங்கினால் கடும் விஷம்.

குழந்தையே செய்யக்கூடிய 5 வேலைகள்

தண்ணீர் ஓவியம்: அகலமான பெயின்ட் பிரஷ், அரை மக் தண்ணீர், சிமென்ட் சுவர். இவ்வளவுதான் தேவை. பத்து மணிக்கு முன் நிழலில் செய்ய விடலாம். போட்ட கோடு காய்ந்து மறைந்ததும் குழந்தை மறுபடி போடும். பக்கெட்டில் தண்ணீர் வைக்க வேண்டாம். இந்த வயதுக் குழந்தை மூழ்க இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். வேலை முடிந்ததும் மக்கையும் கவிழ்த்துவிட வேண்டும்.

மாம்பழம் ஒட்டுதல்: பெரிய தாளில் மாம்பழத்தின் கோட்டை மட்டும் பெரியவர் வரைந்து கொடுக்கலாம். மஞ்சள் தாளைக் கிழிப்பதும் ஒட்டுவதும் குழந்தையின் வேலை. கோட்டைத் தாண்டி ஒட்டினால் ஒட்டட்டும். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்தால் போதும். போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம் என்பதால், கடையில் காய்ச்சி விற்கும் பசை வேண்டாம்.

வெண்டைக்காய் அச்சு: காம்புப் பக்கம் தடிமனாக வெட்டிய வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டுத் தாளில் அழுத்தினால் பூ விழும். வாழை மட்டையை வெட்டி அழுத்தினால் வலை போன்ற வடிவம் வரும். பீட்ரூட் சாறு, அரைத்த கீரை, சமையல் மஞ்சள்தூள் ஆகியவற்றை மைதாக் கஞ்சியில் கலந்தால் மூன்று நிறம் கிடைக்கும். கலர் கோலப்பொடி வேண்டாம். தூசி மூச்சில் ஏறும், அதில் என்ன சாயம் இருக்கிறது என்பதும் தெரியாது.

சப்பாத்தி மாவு: பிசைய, உருட்ட, விரலால் குத்த இதைவிட நல்ல பொருள் இல்லை. பல நாள் கெடாமல் இருக்க நிறைய உப்பு போட்டு மாவு பிசையும் முறை இணையத்தில் பிரபலம். ஆனால் அந்த மாவைச் சின்னக் குழந்தை அதிகம் விழுங்கினால், ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சாதாரண மாவைப் பிசைந்து, அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடலாம். பச்சை மாவைச் சாப்பிடவும் விடக் கூடாது. கோதுமை அலர்ஜி உள்ள குழந்தைக்கு அரிசி மாவு கொடுக்கலாம்.

நுங்கு வண்டி: சீசன் முடிவதற்குள் ஒரு தடவையாவது செய்துவிட வேண்டியது. நுங்கு எடுத்த இரண்டு கூந்தலுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பு வைத்துப் பெரியவர் வண்டி செய்து கொடுக்க வேண்டும். கம்பின் முனைகளை மழுக்கித் துணி சுற்றிவிடலாம். கூந்தலுக்கு வண்ணம் பூசுவதும், தள்ளிக்கொண்டு போவதும் குழந்தையின் பங்கு.

எந்த வேலையானாலும் ஐந்து, பத்து நிமிடங்களில் குழந்தை எழுந்து போய்விடலாம். இந்த வயதுக்கு அது இயல்பு. பிடித்து உட்காரவைத்து முடிக்கச் சொன்னால், நாளைக்கு மேஜைப் பக்கமே வராது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

டே கேரில் சேர்க்கும்போது ஃபீஸ், ஏ.சி., கேமரா பற்றியெல்லாம் கேட்கிறோம். கூடவே இந்த நான்கையும் கேட்கலாம். கிராஃப்ட் நேரத்தில் எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பார்? கிராஃப்ட் பொருள்களை எந்த உயரத்தில், எப்படிப் பூட்டி வைக்கிறார்கள்? பெரிய பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளும் ஒரே மேஜையில் உட்காருகிறார்களா? தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதலுதவி செய்ய யாருக்குப் பயிற்சி இருக்கிறது?

மூன்றாவது கேள்வி விடுமுறையில் ரொம்ப முக்கியம். பள்ளி லீவு என்று அண்ணன், அக்காவும் அதே டே கேருக்கு வருவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த மணி, இரண்டு வயதுத் தம்பியின் கைக்கு வர ஒரு நிமிடம் ஆகாது.

கூடவே, குரூப்பில் ஒரு மெசேஜ் போடலாம்: "மிஸ், கோணலா இருந்தாலும் பரவாயில்லை. அவளே செஞ்சதை அனுப்புங்க." பத்துக் குழந்தைகளைச் சமாளிக்கும் ஆயாம்மாவுக்கும் பாதி வேலை குறையும்.

மாலையில் பையைத் திறந்தால், மஞ்சள் காகிதம் ஒட்டிக் கசங்கிய தாள் ஒன்று இருக்கலாம். அது மாம்பழமா, மேகமா என்று தெரியாது. "இது என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "இதை எப்படிக் கிழிச்சே?" என்று கேட்டால் போதும். பேச்சு முழுதாக வராத குழந்தைகூட ஒரு பழைய பேப்பரை எடுத்து வந்து கிழித்துக் காட்டும்.